தஞ்சை மண்ணின் பூப்பந்து: உங்க பிள்ளை டீமில் சேர என்ன செய்யணும்? எந்த சர்டிபிகேட் செல்லும்?

தஞ்சாவூர்:

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த கையோடு டெல்டா கிராமங்களில் ரெண்டு வேலை ஆரம்பிக்கும். ஒன்று வயல் வேலை. இன்னொன்று ஸ்கூல் டீமுக்கு ஆள் எடுக்கிற வேலை. சாயங்காலம் பையன் புழுதியோடு வீட்டுக்குள் வந்து, "அம்மா, பூப்பந்து டீம்ல என்னையும் சேர்த்துட்டாங்க. பேட் வாங்கணும்" என்று நிற்பான். பொண்ணும் அதே மாதிரி வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் பெத்தவங்களுக்கு வரும் சந்தேகம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். இந்த ஆட்டம் என்ன ஆட்டம், எவ்வளவு செலவு ஆகும், வெளியூருக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, படிப்பு கெட்டுப் போகுமா, கடைசியில் இதனால் ஒரு பிரயோஜனம் உண்டா? இதை யாரும் உட்கார வைத்துச் சொல்வது கிடையாது. வாத்தியாருக்கு நேரம் இல்லை, பெத்தவங்களுக்குக் கேட்கத் தயக்கம். அதனால்தான் இந்தச் செய்தி.

எது பூப்பந்து?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டி.வி.யில் சிந்து ஆடுவதும் சாய்னா ஆடியதும் இறகுப்பந்து. வாத்து இறகு வைத்த ஷட்டில் காக்கில் ஆடுவது. பூப்பந்து என்பது வேறு. ஆங்கிலத்தில் பால் பேட்மிண்டன் என்பார்கள். மஞ்சள் கலரில் கம்பளி நூல் சுற்றிய பந்தில், ஒரு பக்கத்துக்கு 5 பேர் நின்று ஆடுவது. சில நோட்டீஸில் ரெண்டையும் 'பூப்பந்து' என்றே போட்டு விடுகிறார்கள். வெறும் 'பேட்மிண்டன்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ஷட்டில்தான். பெயர் கொடுப்பதற்கு முன்னால் பந்தா, இறகா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தப்பான போட்டிக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் உண்டு.

இந்த ஆட்டத்துக்கும் நம்ம ஊருக்கும் உள்ள சொந்தம் பலருக்குத் தெரியாது. 1856-ம் ஆண்டிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் இதை ஆடியதாகப் பூப்பந்து வரலாற்றில் சொல்லப்படுகிறது. தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ல் இறந்து போனார். ஆண் வாரிசு இல்லை என்று கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான். ஆக, ராஜ்யம் கைவிட்டுப் போன சமயத்தில் அரண்மனையில் ஆடிய ஆட்டம் இது என்று கணக்கு வருகிறது. இறகுப்பந்துக்குப் பூனாவில் விதிமுறை எழுதியதாகச் சொல்லப்படும் வருஷம் 1873. அதற்கு 17 வருஷம் முந்தியது நம்ம கம்பளிப் பந்து.

கம்பளிப் பந்து ஏன் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. இறகு காற்றில் பறந்து விடும். ஆடி மாசம் நம்ம ஊர்த் திறந்த வெளியில் ஷட்டில் ஆடிப் பாருங்கள், காக் பக்கத்து வயலில் கிடக்கும். கம்பளிப் பந்துக்குக் கனம் இருப்பதால் காற்றுக்குத் தாங்கும். வெயில், காற்று எல்லாவற்றிலும் மண் தரையில் ஆடலாம். உள்அரங்கம் தேவையில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் இந்த ஆட்டம் பரவியதற்கு இதுதான் காரணம்.

அகில இந்திய அளவில் பூப்பந்து சம்மேளனம் 1954-ல் உருவானது. முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1956-ல் ஐதராபாத்தில் நடந்தது. வாரங்கல்லைச் சேர்ந்த பிச்சையா 1970-ல் இந்த ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது வாங்கினார். தமிழ்நாடு அணி ஆண்கள், பெண்கள் இரண்டிலும் தேசியப் பட்டம் அடித்த அணி. இவ்வளவும் இருந்தும் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இல்லை, ஆசிய விளையாட்டிலும் இல்லை. அதனால் டி.வி.யில் வராது. பிள்ளை ஆசைப்பட்டுச் சேரும்போது இதையும் தெரிந்துகொண்டே சேரட்டும்.

கோர்ட்டும் பந்தும்

மைதானம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நடுவில் நெட். நெட்டின் உயரம் நடுவில் 1.83 மீட்டர், அதாவது நம்ம கணக்கில் 6 அடி. நெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி ஒரு கோடு போடுவார்கள். சர்வீஸ் பந்து அந்தக் கோட்டைத் தாண்டித்தான் விழ வேண்டும். பந்தின் எடை 27 முதல் 30 கிராம். குறுக்களவு 5 முதல் 5.5 சென்டிமீட்டர். மட்டை 63 முதல் 70 சென்டிமீட்டர் நீளம், எடை 165 முதல் 185 கிராம்.

இடுப்புக்குக் கீழே வைத்துத்தான் சர்வீஸ் போட வேண்டும். பந்து தரையில் படக்கூடாது. ஒரு பக்கத்தில் ஒருத்தர் ஒரு தடவைதான் அடிக்கலாம், வாலிபால் மாதிரி மூணு கை மாறி அடிக்க முடியாது. 35 பாயிண்ட் எடுத்தால் ஒரு செட். மூணு செட்டில் ரெண்டு எடுத்த டீம் ஜெயித்தது. 29 பாயிண்ட் ஆட்டமாக இருந்த காலமும் உண்டு. அந்தக் காலத்தில் ஆடிய அப்பாக்கள் இன்றைக்கும் "இருபத்தொம்பதுல முடிஞ்சிரும்ல" என்று கேட்பார்கள்.

சவுக்குக் கழி ரெண்டு, சுண்ணாம்பு ஒரு பொட்டலம், தண்ணி தெளித்துக் கெட்டிப்படுத்திய மண் தரை. ஒரு கோர்ட்டுக்கு இது போதும். இதை வாத்தியார் ஒருத்தரே செய்துவிட முடியாது. பல ஊர்களில் பிள்ளைகளின் அப்பாக்கள்தான் சனிக்கிழமை மண்வெட்டியோடு வந்து மேடு பள்ளம் சரி செய்து கொடுக்கிறார்கள். இதற்கு யாரும் நோட்டீஸ் அடிப்பதில்லை, மாலை போடுவதும் இல்லை.

முதல் வழி: பள்ளிக்கூடம்

வெளிநாட்டில் ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளுக்கு என்று லீக் இருக்கும். பெத்தவங்க பணம் கட்டிப் பேர் கொடுப்பார்கள், அவங்களே டீமை நடத்துவார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் அப்படித்தான். நம்ம ஊரில் அந்த வேலையைப் பள்ளிக்கூடம் செய்கிறது. பேர் கொடுக்கக் கட்டணம் இல்லை. பாரதியார் தினம், குடியரசு தினம் என்ற பெயர்களில் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள்தான் நம்ம பிள்ளைகளுக்கு லீக்.

வயசுப் பிரிவு மூன்று: 14 வயசுக்கு உட்பட்டோர், 17 வயசுக்கு உட்பட்டோர், 19 வயசுக்கு உட்பட்டோர். ஆண், பெண் தனித்தனி. வயசு எந்தத் தேதி வரைக்கும் என்பது அந்த வருஷத்துச் சுற்றறிக்கையில் இருக்கும். ஒரு நாள் கூடினாலும் அடுத்த பிரிவுக்குப் போய்விடும். 'அட்ஜஸ்ட்' எதுவும் நடக்காது. பிறந்த தேதி பள்ளி ரெக்கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருக்கும் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஸ்கூல் திறக்கும் முன்பே சரி பண்ணி வையுங்கள்.

போட்டி முதலில் குறுவட்டத்தில் நடக்கும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தது ஒரு குறுவட்டம். அதில் ஒரு பள்ளி பொறுப்பேற்று நடத்தும். மற்ற பள்ளி டீம்கள் காலையிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தோற்றால் அன்றைக்கே வீடு. ஜெயித்த பள்ளி வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகும். அங்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, கும்பகோணம், பாபநாசம், திருவையாறு என்று எல்லாப் பக்கத்து டீமும் வரும். அதில் ஜெயித்தால் அடுத்த கட்டம், கடைசியில் மாநிலப் போட்டி. மாவட்டத்தில் இதைப் பார்த்துக்கொள்பவர் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர். அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெத்தவங்க இதைப் புரிந்துகொள்வது முக்கியம். குழு ஆட்டம் என்பதால் ஜெயித்த பள்ளிதான் மேலே போகும், தனி ஆள் போக முடியாது. உங்க பையன் எவ்வளவு நல்லா ஆடினாலும், கூட ஆடும் நாலு பேர் சுமார் என்றால் குறுவட்டத்திலேயே கதை முடிந்துவிடும். அந்த வருஷம் முழுக்க அவன் ஆடியது அந்த ஒரு நாள்தான். அடுத்த வாய்ப்பு அடுத்த ஜூலைக்கு. 16 வயசுப் பையனுக்கு ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டாவது வழி: சங்கம்

அதனால்தான் ரெண்டாவது வழியையும் விட்டுவிடக் கூடாது. மாவட்டப் பூப்பந்துக் கழகம், அதற்கு மேலே தமிழ்நாடு பூப்பந்துக் கழகம், அதற்கு மேலே இந்தியச் சம்மேளனம் என்று இது தனியாகப் போகிற வழி. இங்கே சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் என்று பிரிவு. மாவட்ட அணிக்குத் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள். பள்ளி தோற்றிருந்தாலும் பையன் நல்லா ஆடினால் மாவட்ட அணியில் இடம் உண்டு. மாவட்ட அணிகள் மாநில சாம்பியன்ஷிப்பில் மோதும். அங்கிருந்து மாநில அணியைப் பொறுக்குவார்கள். மாநில அணி தேசிய சாம்பியன்ஷிப்புக்குப் போகும்.

தேர்வு எப்போது என்பது பேப்பரில் மூன்று வரிச் செய்தியாக வரும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தகவல் தெரியாமல் தேர்வைத் தவறவிட்ட பிள்ளைகள், தேர்வில் தோற்ற பிள்ளைகளை விட அதிகம் இருப்பார்கள் என்பது என் அனுமானம். வாத்தியாருக்கும் தெரியவில்லை என்றால் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலகம் அது. நேரில் போய்க் கேட்கலாம். எந்த ஆட்டத்துக்கு எந்தச் சங்கம், யாரைப் பார்க்கணும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலமைச்சர் கோப்பைப் போட்டியும் வருஷா வருஷம் பெரிய அளவில் நடக்கிறது. அதற்கு ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த ஆட்டம் என்ற பட்டியலை முதலில் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்தால் ஆட்டம் முடிந்தது என்று மட்டையைப் பரணில் போட்டு விடுகிறார்கள். கல்லூரியிலும் இந்த ஆட்டம் உண்டு. தஞ்சையில் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி போன்றவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடி, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் மற்ற பல்கலைக்கழகங்களோடு மோதலாம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்து வருகிறது.

எந்த சர்டிபிகேட் செல்லும்?

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நானும் ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ்-2 வரைக்கும் பூப்பந்து ஆடியவன். அம்மா நடவுக்குப் போகிறவங்க. "ஏண்டா, பந்தடிச்சா சோறு போடுவாங்களா?" என்று கேட்பாங்க. கேட்டுக்கொண்டே கூலிக் காசில் மட்டையும் வாங்கிக் கொடுத்தாங்க. நாங்கள் ஆடியது எல்லாம் கோயில் திருவிழாக் கோப்பை, பொங்கல் கோப்பை, நினைவுக் கோப்பை. ஜெயித்தால் குத்துவிளக்கு, பாத்திரம், கலர் சர்டிபிகேட். சர்டிபிகேட்டில் தலைவர்கள் படம் எல்லாம் போட்டு அழகாக இருக்கும்.

2009-ல் ஒரு ஆபீஸில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். 11 சர்டிபிகேட். அங்கே இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரப்படாமல்தான் பார்த்தார். "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஃபாரத்துல ஒண்ணு கூட இல்லையே" என்றார். ஃபாரம் என்றால் என்ன என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வாசகர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் படிவங்கள் இருக்கின்றன. படிவம் 1, இந்தியாவுக்காக ஆடியவர்களுக்கு. தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் 2, மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்கு. மாநிலச் சங்கத்தின் செயலாளர் கையெழுத்து. படிவம் 3, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு. பல்கலைக்கழக விளையாட்டுத்துறையின் பொறுப்பாளர் கையெழுத்து. படிவம் 4, தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவர்களுக்கு. பள்ளிக் கல்வித்துறையின் மேல் அதிகாரி கையெழுத்து.

மாவட்டத்தில் முதலிடம் வந்தாலும் இந்த நாலில் அது எதிலும் வராது. மாநிலப் போட்டியில் பள்ளி ஜெயித்தாலும், அங்கிருந்து தேசியப் போட்டிக்குப் போகும் அணியில் பேர் இருந்தால்தான் படிவம். அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு. மத்திய அரசின் விளையாட்டுப் பட்டியலில் பூப்பந்து பெயர் இருக்கிறது. ரயில்வேக்கு என்று தனி அணி தேசியப் போட்டியில் ஆடுகிறது. தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு எந்த ஆட்டம், எந்த அளவு வெற்றி என்பது தனிப் பட்டியல். கல்லூரி சேர்க்கையிலும் ஒதுக்கீடு உண்டு, அதற்கும் வருஷா வருஷம் விதிமுறைப் புத்தகம் வரும். மூன்றுக்கும் மூன்று பட்டியல், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை முடிவு செய்யக் கூடாது.

எங்கள் டீமிலேயே ஒருத்தன், எங்களில் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. அவனோட அப்பா சைக்கிளில் தஞ்சாவூர் வரைக்கும் போய் தேர்வு எங்கே, எப்போது என்று கேட்டுக் கேட்டு வருவார். பையன் கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அணியில் ஆடினான். இன்றைக்கு மத்திய அரசு வேலையில் இருக்கிறான். எங்களுக்கும் அவனுக்கும் ஆட்டத்தில் இருந்த வித்தியாசம் ரெண்டு மூணு பாயிண்ட் இருக்கும், அவ்வளவுதான்.

அதற்காகத் திருவிழாக் கோப்பையில் ஆட வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரி லைட் வெளிச்சத்தில், ஊர் ஜனம் சுற்றி நின்று கத்தும்போது ஆடும் ஆட்டம் வேறு எங்கேயும் கிடைக்காது. பிள்ளைக்குப் பயம் தெளிவதும் அங்கேதான். ஆடட்டும். ஆனால் அந்த சர்டிபிகேட்டை நம்பி வேலைக்குக் கணக்குப் போடாதீர்கள். காசு கொடுத்தால் படிவத்திலேயே வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாசலோடு பேசி அனுப்பி விடுங்கள். படிவம் சரிபார்ப்புக்குச் சங்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகும். போலி என்றால் வேலை போவதோடு வழக்கும் வரும்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்த ராத்திரி எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பீரோ மேலே இருந்த ஃபைல் கஞ்சியாகிப் போனது. என் சர்டிபிகேட்டுக்கு மதிப்பு இல்லை, போகட்டும் என்று விட்டேன். அந்த வாரம் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் செய்திக்குப் போனபோது, பிள்ளைகளின் படிப்பு சர்டிபிகேட்டை ஜனங்கள் வெயிலில் காயப் போட்டிருந்ததைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். போனில் படம் எடுத்து, சொந்தக்காரர் யாருக்காவது அனுப்பியும் வையுங்கள். காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு இதைப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை.

என்னென்ன எடுத்து வைக்கணும்?

பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், பள்ளியின் எமிஸ் நம்பர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, தலைமை ஆசிரியர் கையெழுத்திட்டு போட்டோ ஒட்டிய படிப்புச் சான்று. இது எல்லாக் கட்டத்திலும் கேட்பார்கள். வெளியூர் போனால் பெத்தவங்க சம்மதக் கடிதம். பிள்ளைக்கு வலிப்பு, இளைப்பு, ஒத்துக்காத மருந்து ஏதாவது இருந்தால் அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்து விடுங்கள். சொன்னால் டீமில் எடுக்க மாட்டார்களோ என்று மறைத்துவிட்டு, வெளியூரில் வாத்தியார் தனியாகத் திண்டாடும்படி செய்யக் கூடாது.

செலவு என்று பார்த்தால் மட்டைதான் பெரிசு. நல்ல மட்டைக்கு மூணு நாலு நாள் நடவுக் கூலி போய்விடும். ஆரம்பத்திலேயே அதை வாங்க வேண்டாம். பள்ளியில் இருக்கும் மட்டையில் முதல் வருஷம் ஆடட்டும். நரம்பு அறுந்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், புது மட்டை தேவையில்லை. பந்து சீக்கிரம் நூல் பிரியும், அதைப் பள்ளியோ கூட ஆடும் பிள்ளைகள் சேர்ந்தோ வாங்குவார்கள். மட்டையை விட ஷூவுக்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும். மண் கோர்ட்டில் வெறுங்காலோடு ஆடி, கால் திருகிப் படுத்துவிட்டால் அந்த வருஷம் போச்சு. இன்னொன்று, நெட்டுக்குப் பக்கத்தில் நின்று ஓங்கி அடிக்கும் பந்து கண்ணில் பட்டால் ஆபத்து. கம்பளிதானே என்று அலட்சியம் வேண்டாம்.

வயல் வேலையும் விளையாட்டும்

டெல்டாவில் இந்தக் கணக்கு வேறு மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியாது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணி வந்தால் குறுவை. ஆகஸ்ட் தொடங்கி சம்பா நாற்றங்கால், நடவு. பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் நடக்கும். அம்மா விடிகாலையில் நடவுக்குப் போய்விட்டால், காலை 6 மணிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு வயிற்றில் ஒன்றும் இருக்காது. பழைய சோறும் மோரும் போதும், வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்பாதீர்கள். தை மாசம் அறுவடை முடிந்தால் மைதானத்துப் பக்கம் நெல் காயும், பிள்ளைகள் ஓரத்தில் ஒதுங்கி ஆடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோர்ட்டு சேறாகிவிடும். அந்த மாதங்களில் சுவரில் அடித்துப் பழகுவது, கயிறு தாண்டுவது என்று வீட்டிலேயே செய்யலாம்.

படிப்பு பற்றிய பயம் நியாயமானது. போட்டிக்குப் போகிற நாளுக்குப் பள்ளியில் வருகைப்பதிவு கொடுப்பார்களா, விட்டுப்போன பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்று வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பத்தாவது, பிளஸ்-2 வருஷத்தில் பிள்ளையை டீமில் இருந்து முழுசாக இழுத்துவிடும் பெத்தவங்கதான் அதிகம். 19 வயசுப் பிரிவில் ஆடி மாநிலப் பள்ளி அணிக்குப் போகும் வயசும் அதேதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு வந்து படிக்கிற பிள்ளை, டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டுப் படிக்கிற பிள்ளையை விட மோசமாகிவிட்டதாக நான் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகள்

பெண் பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்திவிடுவது இன்னும் நடக்கிறது. காரணம் கேட்டால் டிரவுசர், வெளியூர், ராத்திரி பஸ் என்று மூணு சொல்வார்கள். டிராக் பேண்ட் போட்டு ஆடலாம், பெரும்பாலான பள்ளிப் பெண்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். வெளியூர் என்றால் கூட ஒரு ஆசிரியை வருகிறாரா, எங்கே தங்க வைக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்க உரிமை, வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார். முடிந்தால் ஒரு அம்மா கூடவே போகலாம். டீமுக்கு ஒரு அம்மா துணைக்குப் போகிற ஊர்களில் மற்ற வீட்டுக்காரங்களும் தைரியமாக அனுப்புகிறார்கள். பயிற்சியிலோ வெளியூரிலோ யாராவது தப்பாக நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த நம்பரைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள், பையனாக இருந்தாலும் சரி.

மகள் ஆடுகிற அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். கோர்ட்டுக்கு வெளியே, கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். "அடிடீ, விடுடீ" என்று கத்தினால் அம்பயர் எழுந்து போகச் சொல்வார். எங்க அம்மாவை ஒருமுறை அப்படித்தான் மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள். வெளியே போய், சுற்றுச்சுவர் மேலே தலையை நீட்டிக்கொண்டு ஆட்டம் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் நின்றாங்க.